தட்டா, சில்லா, இரண்டும் கலந்ததா?



"சார், கணினியைத் தட்டிவிட்டு அரிசி களைந்து உலையில் போட்டால், சோறு வடித்து இறக்கிய பிறகுதான் அது கண் விழிக்கிறது. புதிதாக ஒன்று வாங்கித்தான் தீரவேண்டுமா?"

பெற்றோர்கள் பள்ளிக்கு வரும் நாள்களில் இப்போது மிகுதியாக என் காதில் விழும் கேள்வி இதுதான். கேள்வி சிறியது, அதற்குப் பின்னால் நிற்கும் செலவு பெரியது. நம் நாட்டில் 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதத்துக்கு 1,700 வெள்ளி. ஓரளவு நல்ல மடிக்கணினி ஒன்றை வாங்கப் புறப்பட்டால், ஒருவருடைய ஒரு மாத உழைப்பு அதிலேயே கரைந்துவிடும். ரொக்கம் இல்லாதவர்கள் தவணைக்கு எடுக்கிறார்கள். தவணையின் கதை உங்களுக்குத் தெரியாததா? பொருள் பழசாகி மூலையில் கிடக்கும். கட்டவேண்டிய பணம் மட்டும் இளமையாகவே இருக்கும்.

2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, நம் குடும்பங்கள் பல அவசரம் அவசரமாகப் பழைய கணினிகளை வாங்கின. அலுவலகங்கள் கழித்துவிட்ட மேசைக் கணினிகள், யாரோ பயன்படுத்திய மடிக்கணினிகள் எனக் கிடைத்ததை எடுத்தோம். அன்று அவை கைகொடுத்தன. இன்று அவைதாம் அடுப்படியில் இருக்கும் தாய்மாருக்குப் பொறுமைப் பாடம் நடத்துகின்றன. அவற்றில் பல கெட்டுப்போனவை அல்ல. உள்ளே இருக்கும் ஓர் உறுப்பு மட்டும் காலத்துக்குப் பின்தங்கி நிற்கிறது. அந்த உறுப்பைப் பற்றித்தான் இந்த இதழில் பேசப்போகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பறையில் கரும்பலகையும் உண்டு, அலமாரியும் உண்டு. ஆசிரியர் பாடம் நடத்தும்போது எழுதுவது கரும்பலகையில். பள்ளி முடிந்தால் துடைத்துவிடுவோம். கணினியில் அதற்கு ரேம் என்று பெயர். மின்சாரம் நின்றதும் அதில் உள்ளது போய்விடும். பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்கள் இருக்கும் அலமாரி வேறு. அது பூட்டிக் கிடந்தாலும் உள்ளே இருப்பது இருந்தபடியே இருக்கும். கணினியின் அந்த அலமாரிதான் இன்றைய பேச்சு. கடையில் அது மூன்று வடிவங்களில் சொல்லப்படும்: சுழலும் தட்டு கொண்ட ஹார்ட் டிஸ்க், சில்லுகளால் ஆன எஸ்.எஸ்.டி., இரண்டையும் கலந்த ஹைபிரிட்.

முதலில் பழையவரைப் பார்ப்போம். ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தால் கண்ணாடிபோல் பளபளக்கும் வட்டத் தட்டு தெரியும். பழைய கிராமபோன் இசைத்தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மடிக்கணினியில் இருப்பது பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும். மேசைக் கணினியில் 7,200 முறை. தட்டின்மேல் ஒரு மெல்லிய கை நீண்டிருக்கும். அதன் நுனியில் உள்ள தலை, காந்தப் பதிவுகளைப் படிக்கும், எழுதும். தலை தட்டைத் தொடுவதில்லை. சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. நம் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர் என்றால், அந்த இடைவெளி எவ்வளவு குறுகியது என்று எண்ணிப் பாருங்கள். கணினி ஓடும்போது கட்டிலிலிருந்து கீழே விழுந்தால் ஏன் படங்கள் எல்லாம் போய்விடுகின்றன என்பதும் விளங்கும்.

வேகம் குறைவதற்குக் காரணம் என்ன? பால்மரம் வெட்டியவர்களுக்கு நான் விளக்கவே வேண்டியதில்லை. ஒரு நெரையில் ஐந்நூறு மரம் என்றால், கத்தி மரத்தில் படும் நேரம் கொஞ்சம்தான். மரத்துக்கு மரம் நடப்பதில்தான் காலைப்பொழுது போகும். ஹார்ட் டிஸ்க்கின் பாடும் அதுவே. கை நகர்ந்து சரியான வட்டத்துக்குப் போகவேண்டும். பிறகு தட்டு சுழன்று வேண்டிய இடம் தலைக்கு நேராக வரும்வரை காத்திருக்கவேண்டும். நிமிடத்துக்கு 5,400 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 11 மில்லிவினாடி. சராசரியாக அதில் பாதி காத்திருப்பு. கை நகரும் நேரத்தையும் சேர்த்தால் ஒவ்வோர் இடத்துக்கும் 15 மில்லிவினாடி என்று வைத்துக்கொள்ளலாம். மில்லிவினாடி என்பது ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இதைப் போய்க் குறை சொல்வதா என்று கேட்பீர்கள். கணினி திறக்கும்போது தட்டின் அங்கும் இங்கும் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளைத் தேடி எடுக்கிறது. கணக்குக்காக 5,000 துண்டு என்போம். ஐயாயிரத்தைப் பதினைந்தால் பெருக்கினால் 75 வினாடி. அவ்வளவும் நடை!

இனி எஸ்.எஸ்.டி. இதில் சுழல்வதும் இல்லை, நகர்வதும் இல்லை. மிக நுண்ணிய சில்லு அறைகளில் மின்னூட்டத்தைப் பிடித்து அடைத்து வைப்பதே இதன் வேலை. ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோக்கா 1980களில் உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகம்தான் இதற்குத் தாய். நம் கைப்பேசியிலும், பிள்ளைகள் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரியும் விரலியிலும் இருப்பது இதே இனம். வேண்டிய துண்டு எங்கே இருந்தாலும் ஏறக்குறைய பத்தில் ஒரு மில்லிவினாடியில், பல சமயம் அதற்கும் குறைவான நேரத்தில் எடுத்துவிடும். அதே 5,000 துண்டுக்கு அரை வினாடி. ஐந்நூறு மரமும் வாசற்படியில் வந்து நின்றால் எப்படி இருக்கும், அப்படி.

உண்மையில் கணினி அரை வினாடியில் திறந்துவிடாது. மற்ற உறுப்புகளுக்கும் வேலை இருக்கிறது. ஆனாலும் நிமிடக் கணக்கில் நின்றது வினாடிக் கணக்குக்கு வரும். பழைய கணினிக்குச் செய்யும் எந்தப் பழுதுபார்ப்பும் இவ்வளவு பெரிய மாற்றத்தைத் தந்து நான் பார்த்ததில்லை.

கடைக்காரர் உங்களிடம் வேறொரு கணக்கையும் சொல்வார். பழைய டிஸ்க் வினாடிக்கு 100 மெகாபைட் அளவில் படிக்கும், சாட்டா வகை எஸ்.எஸ்.டி. 550 வரை படிக்கும், என்.வி.எம்.இ. வகை 3,000-க்கு மேலும் படிக்கும் என்பார். பொய் இல்லை. பெரிய படச்சுருளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றுபவர்களுக்கு அது பயன்படும். பாடம் எழுதவும், டெலிமா தளத்தில் நுழையவும், மாமன் வீட்டுக் கல்யாணப் படம் பார்க்கவும் கணினி வைத்திருப்பவருக்கு நடை குறைவதே பெரிய லாபம். அதைச் சாட்டா வகையே கொடுத்துவிடும். உங்கள் கணினியில் எது பொருந்துமோ அதை வாங்குங்கள். வேகத்தின் பெயரால் கூடுதல் வெள்ளியைக் கரைக்கவேண்டாம்.

இங்கே நம் ஊர்ச் செய்தி ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இந்தப் பொருள்கள் எங்கோ வெளிநாட்டில் பிறந்தவை என்று நினைத்துவிடாதீர்கள். 1970களிலிருந்து தொழிற்சாலைப் பேருந்துகள் விடியற்காலையில் தோட்ட வாசல்களுக்கு வந்து நம் பெண்பிள்ளைகளை மின்னியல் ஆலைகளுக்கு ஏற்றிச் சென்றதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். பினாங்கிலும் சிலாங்கூரிலும் அப்படி வேலைக்குப் போன அக்காமார், அத்தைமார் இல்லாத குடும்பம் அரிது. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் பெட்டாலிங் ஜெயாவில் ஹார்ட் டிஸ்க் ஆலை நடத்திவந்தது. 2018 ஜூலையில், அந்த ஆலையை 2019 முடிவதற்குள் மூடப்போவதாக அறிவித்தது. ஹார்ட் டிஸ்க்குக்கு இருந்த தேவை குறைந்துவிட்டது என்பதே காரணம். அதே அறிவிப்பில் பினாங்கில் எஸ்.எஸ்.டி. உற்பத்தியைப் பெருக்கப்போவதாகவும் சொன்னது. அந்தப் பக்கம் பத்து காவானில் இன்று ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. ஒரு காலத்தில் அது தோட்ட நிலம். தட்டுக்குப் பதில் சில்லு வந்ததால் ஓரிடத்தில் வேலை போனது, இன்னோரிடத்தில் வேலை வந்தது. வேலை இழந்தவர்கள்தாம் வேலை பெற்றார்களா என்றால், அது எப்போதும் நம்மவர்களுக்குக் கிடைக்காத கணக்கு.

அதனால் தட்டுக்கு ஆயுள் முடிந்தது என்று எண்ணவேண்டாம். மலிவான விலையில் ஏராளமான இடம் வேண்டுமென்றால் இன்றைக்கும் சுழலும் தட்டுதான். ஜொகூரில் கூலாய் அருகே செடனாக் பகுதியில், செம்பனை நின்ற நிலத்தில் இப்போது பெரும்பெரும் தரவு மையங்கள் எழும்பியிருக்கின்றன. உலகெங்கும் இத்தகைய மையங்களில், எப்போதாவது ஒரு முறை தேடப்படும் மலைபோன்ற தகவல்கள் இன்னும் தட்டுகளில்தான் உறங்குகின்றன. நம் வீட்டுக்கும் அதே நியாயம் பொருந்தும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மூன்றாமவர் ஹைபிரிட். இவரைப் பற்றித்தான் கேள்வியும் குழப்பமும் அதிகம்.

மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் கல்லாவுக்கு அருகில் சீனி, உப்பு, பருப்பு, பிஸ்கட் டின்கள். மற்றதெல்லாம் பின்னால் உள்ள கிடங்கில். தினமும் கேட்கப்படும் பொருளைக் கடைக்காரர் முன்னுக்குக் கொண்டுவந்து வைத்துக்கொள்வார். கேட்டதும் எடுத்துக் கொடுப்பார். யாராவது கடுக்காய் கேட்டால் கிடங்குக்குள் போய்த் தேடவேண்டும். ஹைபிரிட் டிஸ்க்கும் இப்படித்தான். உள்ளே பெரிய சுழல்தட்டு. அதோடு சிறிதளவு சில்லு. நீங்கள் அன்றாடம் எதைத் திறக்கிறீர்கள் என்று அதுவே கவனித்து, அதைச் சில்லில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளும்.

நல்ல யோசனைதான். அது பிறந்த காலத்தையும் பார்க்கவேண்டும். 2008-இல் இன்டெல் நிறுவனம் 80 ஜிகாபைட் எஸ்.எஸ்.டி. ஒன்றை வெளியிட்டபோது மொத்த விலையே ஒன்றுக்கு 595 அமெரிக்க டாலர். அந்த விலையில் சில்லு யாருக்கு எட்டும்? அதனால் 2010-இல் சீகேட் நிறுவனம் 500 ஜிகாபைட் தட்டோடு வெறும் 4 ஜிகாபைட் சில்லைச் சேர்த்து மொமெண்டஸ் எக்ஸ்.டி. என்ற டிஸ்க்கைக் கொண்டுவந்தது. பின்னர் வந்தவற்றில் சில்லு 8 ஜிகாபைட் ஆனது. ஆப்பிள் நிறுவனம் 2012-இல் ஃபியூஷன் டிரைவ் என்று ஒன்றைக் கொடுத்தது. அதில் சில்லு 128 ஜிகாபைட். 2015-இல் அதன் 1 டெராபைட் வகையில் சில்லை 24 ஜிகாபைட்டாகக் குறைத்துவிட்டது; பெயரை மட்டும் குறைக்கவில்லை!

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 ஜிகாபைட் கிடங்குக்கு 8 ஜிகாபைட் முன்தட்டு என்றால் நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு. தினமும் ஒரே வேலையைச் செய்பவருக்கு அது போதும். நம் வீட்டில் ஒரு கணினியை எத்தனை பேர் தொடுகிறோம்? மூத்தவள் பாடம் எழுதுவாள். இளையவன் விளையாட்டைத் திறப்பான். அப்பா பழைய பாட்டுக் கேட்பார். அம்மா வங்கிக் கணக்குப் பார்ப்பார். எது அன்றாடத் தேவை என்று டிஸ்க் முடிவு செய்வதற்குள் ஆள் மாறிவிடும். பிறகு கிடங்குக்கு நடைதான். அதிலும் தட்டு சுழன்றுகொண்டுதானே இருக்கிறது? விழுந்தால் உடையும் ஆபத்து அப்படியே இருக்கும்.

பிறகு சில்லின் விலை இறங்கியது. ஹைபிரிட்டின் தேவையும் போய்விட்டது. இன்று கடையில் அது தென்பட்டால் பெரும்பாலும் பழைய சரக்கு. "இரண்டின் நன்மையும் ஒன்றில் கிடைக்கும்" என்று யாராவது நீட்டினால், நன்றி சொல்லி வைத்துவிடச் சொல்லுங்கள். ஏற்கெனவே உங்கள் கணினிக்குள் ஹைபிரிட் இருந்து ஒழுங்காக ஓடுகிறதென்றால் பிடுங்கி எறியவேண்டியதில்லை. காசு கொடுத்துப் புதிதாக வாங்கவேண்டாம் என்பதே என் பேச்சு.

மேசைக் கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் பொருத்த இடம் இருக்கும். சிறிய எஸ்.எஸ்.டி. ஒன்றில் விண்டோஸும் அன்றாட மென்பொருள்களும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் படங்கள், பாட்டுகள். எது எங்கே இருக்கவேண்டும் என்று டிஸ்க் ஊகிப்பதற்குப் பதில் நீங்களே முடிவு செய்கிறீர்கள். கலப்பு வேண்டுமென்றால் இந்தக் கலப்புதான் நல்லது.

மடிக்கணினியில் பெரும்பாலும் ஓர் இடம்தான். அதில் எஸ்.எஸ்.டி.யைப் போடுங்கள். பள்ளிப் பிள்ளைக்கு 256 ஜிகாபைட் போதும். வசதி இருந்தால் 512. கல்யாணப் படம் எடுப்பதைத் தொழிலாகச் செய்பவருக்கும், கோயில் கேமராப் பதிவுகளைச் சேர்த்து வைப்பவருக்கும் பெரிய ஹார்ட் டிஸ்க் தனியாக வேண்டும்.

ஆனால் வெள்ளியை எடுப்பதற்கு முன், வீட்டிலேயே செலவில்லாமல் ஒரு சோதனை செய்யுங்கள். விண்டோஸ் கணினியில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று பொத்தான்களையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் என்ற கட்டம் திறக்கும். அதில் டிஸ்க் என்ற இடத்தைப் பாருங்கள். கணினி திணறும் சமயத்தில் அங்கே எண் 100 விழுக்காட்டை ஒட்டியே நின்றால், தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் டிஸ்க்தான். அதே கட்டத்தில் பெர்ஃபார்மன்ஸ் என்ற பகுதிக்குப் போனால், உள்ளே இருப்பது ஹெச்.டி.டி.யா எஸ்.எஸ்.டி.யா என்றும் பல கணினிகளில் எழுதியிருக்கும். மெமரி என்ற இடத்தில் எண் உச்சியில் நின்றால் ரேம் போதவில்லை என்று பொருள். 4 ஜிகாபைட் ரேமோடு ஓடும் கணினிக்கு எஸ்.எஸ்.டி. மட்டும் போட்டால் பாதி நோய்தான் தீரும். 8-ஆக உயர்த்த முடியுமா என்றும் சேர்த்து விசாரியுங்கள்.

சில மலிவான சிறு மடிக்கணினிகளில் சேமிப்புச் சில்லைப் பலகையோடு சேர்த்தே பற்றவைத்திருப்பார்கள். 32 அல்லது 64 ஜிகாபைட் என்று இருக்கும், இ.எம்.எம்.சி. என்று பெயர். அதைக் கழற்றி மாற்ற இயலாது. வாங்கும்போது விலை குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். புதிதாக வாங்குபவர்கள் இந்தச் சொல் கண்ணில் பட்டால் இரண்டு முறை யோசியுங்கள்.

இன்னொன்று, இது முக்கியம். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நிறுத்திவிட்டது. ஏறக்குறைய 2018-க்கு முன் வந்த பெரும்பாலான கணினிகளை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. எஸ்.எஸ்.டி. போட்டால் இந்தக் குறை நீங்காது. இப்படிப்பட்ட கணினியில் வங்கி வேலை பார்ப்பது நல்லதன்று. பிள்ளையின் பாடத்துக்கு மட்டும் என்றால், எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தி, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டுவைப் போட்டுக்கொள்ளலாம். இணையத் தளத்தில் நடக்கும் பாடங்கள் அதிலும் நடக்கும். பழகச் சில நாள் பிடிக்கும். நம்மைவிடப் பிள்ளைகள் விரைவில் பழகிவிடுவார்கள். கணினி பத்து ஆண்டைத் தாண்டி, திரையும் மங்கி, விசைப்பலகையிலும் பாதி எழுத்து அழிந்திருந்தால், அதற்கு மேலும் மருந்து வாங்கி ஊற்றாதீர்கள். அப்போது புதியது வாங்குவதே சிக்கனம்.

எஸ்.எஸ்.டி.யில் எழுத எழுதத் தேயும் என்கிறார்களே என்று சிலர் அஞ்சுகிறார்கள். தேயும் என்பது உண்மை. ஒவ்வொரு சில்லு அறையிலும் இத்தனை முறைதான் அழித்து எழுதலாம் என்று அளவு உண்டு. 2021-இல் வந்த சாம்சங் 870 ஈவோ 250 ஜிகாபைட் வகைக்கு, 150 டெராபைட் எழுதும்வரை உத்தரவாதம் என்று அந்த நிறுவனம் குறிப்பிட்டது. நாள் ஒன்றுக்கு 20 ஜிகாபைட் எழுதினாலும் 7,500 நாள் ஆகும். இருபது ஆண்டுக்கு மேல். வீட்டுக் கணினி அவ்வளவு எழுதுவதில்லை. உத்தரவாதக் காலம் ஐந்து ஆண்டுதான் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஆனாலும் தேய்வைப் பற்றிக் கவலைப்பட்டுத் தூக்கம் கெடவேண்டியதில்லை.

கவலைப்பட வேண்டியது வேறு. தட்டு நோயுற்றால் பெரும்பாலும் முனகும். கடகட என்றோ டிக் டிக் என்றோ சத்தம் கேட்கும். கோப்புகள் திறக்க மறுக்கும். அந்தச் சத்தம் கேட்ட அன்றே முக்கியமானவற்றை வேறிடத்துக்குப் படியெடுத்துவிடவேண்டும். எஸ்.எஸ்.டி. சத்தம் போடாது. நேற்று ஓடியது, இன்று காலையில் கணினிக்கு அடையாளமே தெரியவில்லை என்று நின்றுவிடும். அதிலிருந்து தகவலை மீட்பதும் தட்டைவிடக் கடினம். இடியும் மின்னலும் மிகுந்த நாடு நம்முடையது. மழை இருட்டினால் செருகியைப் பிடுங்கி வையுங்கள். இரண்டு வகைக்கும் அது நல்லது.

இணையச் சந்தையில் ஒரு மோசடி நடக்கிறது. 16 டெராபைட் எஸ்.எஸ்.டி., விலை சில பத்து வெள்ளி என்று படம் போட்டிருப்பார்கள். அந்த விலைக்கு அது இயலாத காரியம். உள்ளே சின்னஞ்சிறு நினைவட்டை ஒன்றை ஒட்டி, கணினியிடம் 16 டெராபைட் என்று பொய் சொல்லும்படி செய்திருப்பார்கள். உண்மையான இடம் நிரம்பும்வரை எல்லாம் நன்றாக இருக்கும். அதற்கு மேல் போடும் படங்கள் பெயரளவில் தெரியும்; திறந்தால் ஒன்றும் இராது. தெரிந்த கடையில், பற்றுச்சீட்டோடும் உத்தரவாதத்தோடும் வாங்குங்கள்.

கடையில் மாற்றக் கொடுக்கும்போது, இருப்பதை அப்படியே புதிய டிஸ்க்குக்குப் படியெடுக்கப் போகிறார்களா, எல்லாவற்றையும் புதிதாகப் போடப்போகிறார்களா என்று முதலில் கேளுங்கள். எதுவானாலும் படங்களையும் பாடக் கோப்புகளையும் முன்னதாகவே வேறிடத்தில் வைத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் பழைய டிஸ்க்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "அது எதுக்கம்மா?" என்பார்கள். அதில் உங்கள் அடையாள அட்டைப் படம் இருக்கும், சேமநிதிக் கணக்கு இருக்கும், பிள்ளையின் பிறப்புப் பத்திரம் இருக்கும். கடையின் குப்பைக்கூடையில் அதை விட்டுவிட்டு வரலாமா?

மேலும், அந்தப் பழைய டிஸ்க்குக்கு வீட்டில் ஒரு வேலை காத்திருக்கிறது. அது முனகாமல் நல்ல நிலையில் இருந்தால், யு.எஸ்.பி. உறை ஒன்றை வாங்கி அதில் போடுங்கள். உறையின் விலை குறைவுதான். இப்போது அது கையடக்கமான வெளி டிஸ்க். தினமும் ஓடவேண்டிய அவசரம் அதற்கு இனி இல்லை; ஆண்டுக்குச் சில முறை எழுந்து படங்களை வாங்கி வைத்துக்கொண்டால் போதும். தரவு மையங்களில் தட்டு செய்யும் அதே வேலை. எஸ்.எஸ்.டி.யை இந்த வேலைக்கு வைக்கவேண்டாம். மின்சாரமே காட்டாமல், தகரக் கூரையின் வெப்பத்தில், அலமாரிக்குள் ஆண்டுக்கணக்கில் போட்டுவிட்டால், சில்லில் அடைத்த மின்னூட்டம் மெல்ல மெல்லக் கசியும். தேய்ந்த சில்லில் இன்னும் விரைவாகக் கசியும்.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. நம்மில் பலர் பிறந்த லயங்கள் இன்று இல்லை. தோட்டம் விற்கப்பட்டது, வீடுகள் இடிக்கப்பட்டன, கோயில் வேறிடம் போனது. நின்ற இடத்தில் வீடமைப்புப் பகுதியோ நெடுஞ்சாலையோ நிற்கிறது. ஆயாக்கொட்டகை வாசலில் வரிசையாக உட்கார்ந்திருந்த பிள்ளைகள், தீமிதிக்கு மஞ்சள் சேலையில் நின்ற பாட்டி, காண்டாவும் வாளியுமாக நின்ற தாத்தா ஆகியோரின் படங்களைக் கைப்பேசியில் திரும்பப் படம் பிடித்துக் கணினியில் சேர்த்திருக்கிறீர்கள். அசல் படத்தைக் கரையான் தின்றிருக்கும். மிஞ்சியது ஒரு டிஸ்க்கில் ஒரே ஒரு பிரதி. புதிய டிஸ்க் எவ்வளவு உயர்ந்ததானாலும் ஒரு பிரதி என்பது ஒரு பிரதிதான். கணினியில் ஒன்று, உறையில் போட்ட பழைய டிஸ்க்கில் ஒன்று என இரண்டாக்குங்கள். முடிந்தால் மூன்றாவதாக ஒன்றைப் பட்டணத்தில் இருக்கும் தம்பி வீட்டிலோ நாத்தனார் வீட்டிலோ கொடுத்து வையுங்கள். வெள்ளம் வந்தாலும் ஒரு வீட்டுக்குத்தான் வரும்.

உறையின்மேல் ஒரு துண்டுத் தாளை ஒட்டி, உள்ளே என்ன இருக்கிறது, எந்த நாளில் படியெடுத்தது என்று எழுதுங்கள். தீபாவளிக்கு வீடு கழுவும் வாரத்தில் அதை எடுத்துக் கணினியில் பொருத்தி, நான்கைந்து படங்களைத் திறந்து பாருங்கள். சரியாகத் திறந்தால் அந்த ஆண்டுப் படங்களையும் சேர்த்து, தாளில் புதிய தேதியை எழுதி, ஈரம் படாத இடத்தில் வைத்துவிடுங்கள்.